தனியே பறந்தவனும் தரையிலிருந்து வந்த குரலும்

2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் தேதி இங்கிலாந்து தேசம் வெந்துகொண்டிருந்தது. கோடைக்காலத்திலும் கம்பளிச் சட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் அந்நாட்டு மக்கள், அதுவரை எந்த ஜூலை மாதத்திலும் தங்கள் நாட்டில் பதிவாகாத உஷ்ணத்தை அன்று அநுபவித்தார்கள். ஸர்ரே மாவட்டத்து விஸ்லி என்னும் ஊரில் வெப்பமானி 36.5 டிகிரி காட்டியது. சித்திரை வெயிலில் பழகிய நமக்கு அது புன்னகையை வரவழைக்கும் கணக்கு. அவர்களுக்கோ பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு உரிய செய்தி. அந்த நாளில், தேம்ஸ் நதி கடலோடு சங்கமிக்கும் முகத்துவாரத்தின் வடகரையில், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் சவுத்எண்ட் விமான நிலையத்திலிருந்து, 16 வயது மாணாக்கன் ஒருவன், பக்கத்து ஆசனத்தில் ஆசிரியர் இல்லாமல், தன் வாழ்நாளில் இரண்டாம் தடவையாகத் தனியே புறப்பட்டான். விமான நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பத்திரமாக இறங்குவது, அதையே மறுபடியும் செய்வது: இவ்வளவுதான் அன்றைய பாடம். இறங்குவதற்கான கடைசி நேர்க்கோட்டில் அவன் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வேகமான வேறொரு விமானம் நெருங்கிவிட்ட காரணத்தால், வழியை விட்டு விலகும்படி தரையிலிருந்து உத்தரவு பிறந்தது. அவன் பணிந்தான். சிறிது நேரத்துக்குள் அந்தச் சிறு விமானம் வேகமிழந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஈஸ்ட்வுட் பூங்காவில் விழுந்தது. தரையில் எவருக்கும் காயமில்லை. பையன் மட்டும் இறந்துபோனான்.

இம்மாதிரிச் செய்தி காதில் விழுந்ததும், "பாவம், அநுபவம் போதாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவது மனித சுபாவம். அந்த வார்த்தையில் அநுதாபம் இருக்கிறது. ஆனால் நியாயம் இருக்கிறதா என்று நாம் யோசிப்பதில்லை. பிரிட்டனிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, நம் இந்தியாவிலும் சரி, 16 வயது நிரம்பியவன் விமானப் பயிற்சியில் தனியே பறக்கலாம் என்று சட்டம் சொல்லுகிறது. அப்படிச் சொல்லும் சட்டம், அவனுக்கு அநுபவம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே அவனை ஆகாயத்துக்கு அனுப்புகிறது. அநுபவம் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காது என்பதாலேயே அனுப்புகிறது. ஆகவே அநுபவமின்மையைக் காரணமாகக் காட்டுவது, குழந்தை விழுந்ததற்குக் குழந்தையாக இருந்ததே காரணம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும். அந்த அநுபவமின்மை அங்கே இருக்கிறது என்று அறிந்து நடந்துகொள்ளவேண்டியவர்கள் யார், அதை அவர்களுக்கு அறிவிப்பதற்கு என்ன ஏற்பாடு இருந்தது என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி. சவுத்எண்ட் விபத்தைப் பற்றி எழுதத் தோன்றியதே அக்கேள்வியின் பொருட்டுத்தான்.

சவுத்எண்ட் நகரத்தை லண்டன்வாசிகள் கடற்கரை உல்லாசத்துக்காக அறிவார்கள். கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் உல்லாசப் பாலம், இவ்வகைப் பாலங்களில் உலகத்திலேயே நீளமானது. அங்கிருந்து சற்று வடக்கே உள்ள விமான நிலையம் முதல் உலக யுத்தத்தில் போர் விமானத் தளமாகப் பிறந்து, இரண்டாம் யுத்தத்தில் ராச்ஃபோர்டு என்ற பெயரில் மறுபடியும் போருக்கு உழைத்து, அதன்பின் பிரயாணிகளுக்கும் வியாபாரத்துக்கும் உரியதாயிற்று. இப்படி யுத்தத்தில் பிறந்து சமாதானத்தில் பிழைக்கும் விமான நிலையங்கள் இங்கிலாந்தில் அநேகம். அவற்றின் விசேஷம், ஒரே ஓடுபாதையைச் சகலரும் பகிர்ந்துகொள்வது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் பயிற்சி விமானமும், அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும் விமானங்களும் அங்கே ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். முன்னால் போகிறவன் மெதுவாகவும் பின்னால் வருகிறவன் வேகமாகவும் இருந்தால் இடைவெளி சுருங்குவதற்குக் கணித மேதை தேவையில்லை. தரைச்சாலையில் பின்னால் வருகிறவன் பிரேக்கை மிதித்துவிடலாம். ஆகாயத்தில் நிற்க இடமில்லை. இருவரில் ஒருவரை விலக்கியே தீரவேண்டும்.

அன்று பையன் ஓட்டிய விமானம் செஸ்னா 150 வகையைச் சேர்ந்தது. அமெரிக்க செஸ்னா கம்பெனியின் அநுமதியோடு பிரான்சு தேசத்து ரீம்ஸ் நகரில் கட்டப்பட்ட எஃப்150எல் என்னும் பிரிவு. 1958 முதல் 1977 வரை இவ்வகை விமானங்கள் 23,000-க்கு மேல் தயாராயின என்றால், உலகத்தின் பல தேசங்களிலும் இருந்த விமானிகளில் எத்தனை பேருக்கு இதுவே அரிச்சுவடியாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டே ஆசனங்கள்; 100 குதிரைசக்தி யந்திரம்; ஆட்களும் பெட்ரோலும் உள்பட மொத்தம் 726 கிலோகிராமுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பு. சாதுவான விமானம் என்று பெயரெடுத்தது. ஆனால் சாதுவான இந்த விமானத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. இறங்கும்போது வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி மடியும் ஃப்ளாப் என்னும் பலகைகள், இதில் 40 டிகிரி வரையில் மடிகின்றன. இறங்குகிறவனுக்கு அது பெரிய உபகாரம். இறங்காமல் திரும்ப மேலே ஏற நினைப்பவனுக்கு அதுவே பெரிய சுமை. முழுவதும் மடித்த ஃப்ளாப்போடு யந்திரத்தின் பூரண சக்தியைக் கொடுத்தாலும் விமானம் தயங்கித் தயங்கியே மேலேறும். கம்பெனியார் இதை உணர்ந்துதானோ என்னவோ, பின்னால் வந்த செஸ்னா 152-இல் அந்த மடிப்பை 30 டிகிரியோடு நிறுத்திக்கொண்டார்கள். வெயில் நாளில் இந்தச் சிரமம் இன்னும் கொஞ்சம் அதிகரிக்கும். 30 டிகிரி உஷ்ணத்தில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைக் காட்டிலும் நூற்றுக்கு 5 பங்கு குறைவு. அந்த அளவுக்கு யந்திரத்துக்கும் இறக்கைக்கும் பிடிப்புக் குறைவு. அன்றைய வெயில்தான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. குறைந்த சக்தியுள்ள யந்திரத்துக்கு இவ்வளவு சிறிய விஷயமும் கணக்கில் சேரும் என்பதைச் சொல்லுகிறேன்.

மாணாக்கன் பழகும் சுற்றைச் சர்க்யூட் என்கிறார்கள். காற்றுக்கு எதிராக ஓடுபாதையில் ஓடி எழும்பி, ஒரு திருப்பம் திரும்பி, மறு திருப்பத்தில் ஓடுபாதைக்கு இணையாகக் காற்றின் போக்கிலேயே சென்று, மூன்றாவது திருப்பத்தில் உயரத்தைக் குறைத்து, நான்காவது திருப்பத்தில் ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும் இந்த நீள்சதுரப் பாதை, பெரும்பாலான இடங்களில் 1,000 அடி உயரத்தில் அமைகிறது. முழுச் சுற்றுக்கு ஐந்தாறு நிமிஷந்தான் ஆகும். அதற்குள் யந்திர வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், ஃப்ளாப்பைப் படிப்படியாக இறக்கவும், ரேடியோவில் இருக்கும் இடத்தைச் சொல்லவும், மற்ற விமானங்களைக் கண்ணால் தேடவும் வேண்டும். இதே சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதன் நோக்கம், ஒவ்வொரு காரியமும் அதனதன் இடத்தில் யோசனையின்றிக் கையில் வந்துவிடவேண்டும் என்பது. வேதபாடசாலையில் கன பாடம் சொல்லும் சிறுவனை நடுவிலே நிறுத்தி வேறோர் இடத்திலிருந்து தொடங்கச் சொன்னால் அவன் திகைக்கிறான். வரிசையாகச் சொல்லச் சொன்னால் பிழையின்றி ஒப்பிக்கிறான். ஆரம்ப விமானியின் வித்தையும் அந்த நிலையில்தான் இருக்கிறது. அவனிடம் இருப்பவை சில வரிசைகள். அவற்றை மாற்றிக் கோத்துப் புதிய வரிசையை உண்டாக்கும் சாமர்த்தியம் நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்குப் பிறகு வருவது.

ஆசிரியர் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் கணம் விமானிகளின் வாழ்க்கையில் மறக்கமுடியாதது. அமெரிக்காவில் முதல் தனிப்பயணம் முடித்து வருகிறவனின் சட்டை வாலைக் கத்தரித்துச் சுவரில் மாட்டும் வழக்கம் உண்டு. மாணாக்கன் முன்னாலும் ஆசிரியர் பின்னாலும் உட்கார்ந்த பழைய விமானங்களில், சட்டை வாலை இழுத்துத்தான் ஆசிரியர் அவன் கவனத்தைத் திருப்ப முடிந்தது என்றும், இனி இழுக்க அவசியமில்லை என்பதற்கு அடையாளமாகவே கத்தரிக்கிறார்கள் என்றும் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். வேடிக்கை ஒருபுறம் இருக்க, ஆசிரியர் இறங்கியதும் விமானமே மாறிவிடுகிறது என்பது பலர் அறியாத விஷயம். 726 கிலோகிராம் வரம்புள்ள விமானத்திலிருந்து ஒரு மனிதரின் 80 கிலோகிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். விமானம் சீக்கிரம் எழும்பும். இறங்கும்போது தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பழகிய யந்திரம் பழகாத விதத்தில் நடந்துகொள்வதை முதல் இரண்டு மூன்று தனிப்பயணங்களில் மாணாக்கன் கண்டு வியப்பதும் சிறிது கலங்குவதும் இயல்பு.

பறக்கக் கற்றுக்கொடுப்பதையே ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் ஆங்கிலேயர். முதல் உலக யுத்தத்தின் ஆரம்பத்தில், அரைகுறையாகக் கற்ற பிள்ளைகளை அரைகுறையாகக் கற்ற ஆசிரியர்கள் தயாரித்து அனுப்பினார்கள். பயிற்சியிலேயே மாண்டவர்களின் தொகை அந்த யுத்தத்தின் வெட்கக்கேடுகளுள் ஒன்று. ஸ்மித்-பாரி 1917-இல் காஸ்போர்ட் என்னும் இடத்தில் நடத்திய பாடசாலையில், இருவருக்கும் கட்டுப்பாடுகள் உள்ள ஆவ்ரோ 504 விமானத்தில் ஆசிரியரையும் மாணாக்கனையும் ஏற்றி, ஆபத்தான நிலைகளை மறைத்து வைப்பதற்குப் பதிலாக வேண்டுமென்றே அவற்றில் புகுந்து மீளக் கற்றுக்கொடுத்தார். யந்திரத்தின் இரைச்சலில் ஆசிரியர் சொல்வது காதில் விழவேண்டும் என்பதற்காக ஒரு ரப்பர்க் குழாயையும் ஏற்பாடு செய்தார். அதற்குக் காஸ்போர்ட் குழாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பறக்கிறவன் காதில் சரியான வார்த்தை சரியான சமயத்தில் விழுவது எவ்வளவு முக்கியம் என்பதை, ரேடியோ வராத காலத்திலேயே அவர் கண்டுகொண்டார்.

அந்தக் காலத்து விமானிகள் எமனுக்கு அடுத்தபடியாகப் பயந்தது ஸ்பின் என்னும் சுழல் வீழ்ச்சிக்கு. வேகம் குறைந்த விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, சுற்றிக்கொண்டே தலைகுப்புற விழுவது அது. 1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வில்ஃப்ரெட் பார்க் என்னும் கடற்படை லெஃப்டினெண்ட், சாலிஸ்பரி சமவெளியில் பலர் பார்த்துக்கொண்டிருக்க அப்படி விழுந்து, தரைக்குச் சற்று மேலே தற்செயலாகச் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பித் தப்பினார். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஃபார்ன்பரோவில் ஃப்ரெடரிக் லிண்டெமன் என்ற பௌதிக ஆசிரியர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, தாமே மேலே சென்று, வேண்டுமென்றே சுழலில் புகுந்து, கருவிகளின் அளவுகளைக் குறித்துக்கொண்டு மீண்டு வந்தார். 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தின்போது சர்ச்சிலின் அந்தரங்க ஆலோசகராக இருந்து நம்மவர்களின் சாபத்தைச் சம்பாதித்துக்கொண்டவரும் இவரே. இருந்தாலும் அந்தத் தைரியத்தை இல்லையென்று சொல்ல முடியாது.

சுழலுக்கு வாசல் ஸ்டால் என்னும் நிலை. யந்திரம் நின்றுபோவது என்று இதைப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நிகழும். இறக்கையானது எதிர்வரும் காற்றைச் சுமார் 15, 16 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் சந்திக்கும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடுகிறது. தாங்கும் சக்தி சட்டென்று குறைகிறது. உயரம் குறைகிறதே என்று பயந்து மூக்கை மேலும் தூக்குகிறவன் இந்தக் கோணத்தைத் தானே அதிகப்படுத்திக்கொள்கிறான். இங்கே மனிதனின் சுபாவமும் விமானத்தின் சுபாவமும் ஒன்றுக்கொன்று பகை: தரை நெருங்கும்போது உடம்பு பின்னால் இழுக்கச் சொல்லும், சாஸ்திரம் முன்னால் தள்ளச் சொல்லும். செஸ்னா 150-இல் இந்த ஆபத்தை முன்னறிவிக்க மின்சாரமில்லாத ஓர் எளிய கருவி உண்டு. இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள சிறு துவாரத்தின் வழியே காற்று உறிஞ்சப்படும்போது, உள்ளே இருக்கும் நாக்கு நாதஸ்வரத்தின் சீவாளி அதிர்வதைப்போல அதிர்ந்து, விமானியின் தலைக்கருகே ஊளையிடும். ஸ்டால் நிலைக்கு ஐந்து முதல் பத்து மைல் வேகம் முன்னதாகவே அது ஒலிக்கத் தொடங்குகிறது.

திருப்பத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. முழு எடையோடும் முழு ஃப்ளாப்போடும் நேராகப் பறக்கும்போது, மணிக்குச் சுமார் 77 கிலோமீட்டர் வரையில் செஸ்னா 150 காற்றில் நிற்கும். ஆனால் உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் அந்த எல்லை 92-ஆக உயர்ந்துவிடும். 60 டிகிரி சாய்ந்தால் 109 ஆகும். இறங்குவதற்காக 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் பலமாகச் சாய்ந்து திரும்பினால் என்ன ஆகும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும். மேலே 4,000 அடியில் இது நேர்ந்தால் ஆசிரியரோடு சிரித்துக்கொண்டே மீளலாம். ஒரு சுழலில் புகுந்து வெளிவர ஏறத்தாழ 1,000 அடி செலவாகும். கடைசிக் கட்டத்தில் வருகிறவனிடம் இருப்பதோ சில நூறு அடிதான்.

இனி அந்த உத்தரவுக்கு வருவோம். இறங்க வந்தவன் இறங்காமல் மேலே போவதற்குக் கோ-அரவுண்ட் என்று பெயர். எந்த மாணாக்கனும் தனியே அனுப்பப்படுவதற்கு முன் இதைப் பழகியிருப்பான். யந்திரத்துக்கு முழுச் சக்தி. மூக்கு தானாக மேலே எழும்புவதை அழுத்திப் பிடித்தல். விமானம் இடப்பக்கம் இழுப்பதை வலக்காலால் தடுத்தல். ஃப்ளாப்பை முதலில் பாதிக்குத் தூக்கி, வேகம் வந்தபின் மீதியைத் தூக்குதல். ஓடுபாதைக்கு நேராக மேலேறுதல். கோ-அரவுண்ட் என்ற சொல் காதில் விழுந்தமாத்திரத்தில் இவ்வளவும் ஒரு கோவையாகக் கைக்கு வந்துவிட வேண்டும். அன்று பையனுக்கு முதலில் வந்தது இந்த உத்தரவுதான்: ஓடுபாதையின் நேர்க்கோட்டிலேயே சென்று, இறங்காமல் மேலேறி, வழக்கமான 1,000 அடிக்குப் போகவேண்டும், பின்னால் வேகமான விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டு அதிகாரி சொன்னார். அவன் அறிந்த பாடம் அது. ஆனால் அந்த உத்தரவு நிலைக்கவில்லை. அதை விட்டுவிடும்படியும், இடப்பக்கம் திரும்பி வடக்கே செல்லும்படியும், சீக்கிரமே திரும்ப அழைப்பதாகவும் மறு உத்தரவு வந்தது. இடப்பக்கம் திரும்புவதாகப் பையன் பணிவோடு பதில் சொன்னான்.

இரண்டாவது உத்தரவு அநுபவமுள்ள விமானிக்கு ஒரு பொருட்டே அன்று. வடக்கே போ என்றால் அதற்கு முன் முழுச் சக்தி கொடு, ஃப்ளாப்பைத் தூக்கு, வேகத்தைச் சேர்த்துக்கொள், பிறகு மெதுவாகத் திரும்பு என்று சொல்லாத நான்கு காரியங்களையும் அவன் தானே நிரப்பிக்கொள்வான். மாணாக்கனுக்குச் சொல்லாதது சொல்லாததுதான். முதல் உத்தரவில் இருந்த கோ-அரவுண்ட் என்ற சொல், கையையும் காலையும் எழுப்பும் மந்திரம். இரண்டாவது உத்தரவு அந்த மந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு திசையை மட்டும் கொடுத்தது. தரைக்கு அருகில், இறங்குவதற்கு ஆயத்தமான கோலத்தில், அவன் ஒருபோதும் பழகாத திருப்பம் அது. தவிர, பறப்பது முதல் காரியம், வழி பார்ப்பது இரண்டாவது, பேசுவது கடைசி என்று எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதிகாரத்தோடு பேசும் பெரியவர் ஒருவரின் குரல் காதில் விழும்போது, பேச்சுக்குப் பதில் சொல்வதையே முதல் காரியமாகக் கருதும்படிதான் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம்.

கட்டுப்பாட்டு அதிகாரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. எனக்கு அதில் இஷ்டமில்லை. ஒரே கோட்டில் வரும் இரண்டு விமானங்களைப் பிரிக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. யோசிக்கக் கிடைத்த அவகாசமோ சில வினாடி. முதல் உத்தரவைவிட இரண்டாவது உத்தமம் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு விமானங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் பார்த்தால் அது தவறான யோசனையும் அன்று. ரேடியோவில் ஒலித்த அழைப்புப் பெயரோ, 30 வருஷம் பறந்தவனுக்கும் இரண்டாம் நாள் பறப்பவனுக்கும் வித்தியாசமில்லாத வெறும் எழுத்துக்கள். தாம் பேசுவது யாரோடு என்பதை ஒவ்வொரு வார்த்தையிலும் அவருக்கு நினைவூட்ட அந்தப் பெயரில் ஒன்றுமில்லை.

விபத்தை ஆராய்ந்தவர்கள், லிண்டெமன் சுழன்று விழுந்து கணக்கெடுத்த அதே ஃபார்ன்பரோவில் காரியாலயம் வைத்திருக்கும் விமான விபத்து விசாரணைக் கிளையினர். 1915-இல் தொடங்கிய இந்த ஸ்தாபனத்தின் விசாரணையில் எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. மறுபடி நேராமல் தடுப்பதொன்றே நோக்கம். பயிற்சியின் ஆரம்ப நிலையில் இருந்த விமானிக்கு, அவன் அறியாத, வழக்கத்துக்கு மாறான ஒரு காரியத்தைச் செய்யும்படி உத்தரவிடப்பட்டது என்பதையே அவர்கள் 2007-இல் வெளியிட்ட அறிக்கை பிரதான காரணமாகக் கண்டது. அதில் இடம்பெற்ற பரிந்துரைகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. கோ-அரவுண்ட் ஒன்றைத் தவிர, இறங்கும் கடைசிக் கட்டத்தில் உள்ள எந்த விமானத்தையும் எதிர்பார்த்த பாதையிலிருந்து விலகச் செய்யும் உத்தரவை, மிகவும் அசாதாரணமான பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழியக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பிறப்பிக்கலாகாது என்பது ஒன்று. தனியே பறக்கும் மாணாக்கனை ரேடியோவில் அடையாளம் காட்டும் ஒரு முன்னொட்டை வழக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்பது மற்றொன்று. இன்று பிரிட்டனில் தனியே பறக்கும் மாணாக்கர்கள் தங்கள் அழைப்புப் பெயருக்கு முன்னால் "ஸ்டூடண்ட்" என்று சேர்த்துச் சொல்லுகிறார்கள்.

தரையிலிருந்து வரும் குரல் ஆளறிந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் திருஷ்டாந்தங்கள் உண்டு. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துப் பெவர்லி விமான நிலையத்திலிருந்து 17 வயதுப் பெண்ணொருத்தி தனியே எழும்பியபோது, விமானத்தின் சக்கரம் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அவளுடைய ஆசிரியரே ரேடியோவில் வந்து, அவளுக்குத் தெரிந்த பாஷையில், அவளுக்குத் தெரிந்த பாடங்களைக் கொண்டே பேசி இறங்கவைத்தார். காயமின்றி வெளியே வந்தாள். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தருகே, செஸ்னா 152 விமானத்தில் ஆசிரியர் நினைவிழந்து சாய்ந்துவிட, அதுவரை ஒரு விமானத்தையும் தரையில் இறக்கியறியாத மாணாக்கர், சுமார் ஒரு மணி நேரம் பேசிய கட்டுப்பாட்டு அதிகாரியின் துணையோடு ஜண்டகாட் ஓடுபாதையில் இறக்கினார். எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அந்த அதிகாரி முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். பெவர்லியிலும் ஜண்டகாட்டிலும் நேர்ந்த யந்திரக் கோளாறும் மனிதக் கோளாறும் சவுத்எண்டில் நேர்ந்ததைக் காட்டிலும் பெரியவை. சவுத்எண்டில் உத்தரவு வந்த கணம் வரையில் யந்திரத்திலோ மனிதனிலோ ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

முன்னொட்டு வந்துவிட்டதோடு காரியம் முடிந்ததாக நான் நினைக்கவில்லை. விமானத்தின் பத்திரத்துக்கு அதை ஓட்டுகிறவனே இறுதிப் பொறுப்பாளி என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. முடியாத உத்தரவு வந்தால் முடியாது என்று ரேடியோவில் சொல்வதற்கு "அனேபிள்" என்று ஒரு வார்த்தையையே அங்கீகரித்து வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் இந்த உரிமையை 16 வயதுப் பிள்ளையின் நாக்குக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முழு ஃப்ளாப்போடு கடைசிக் கட்டத்தில் வரும்போது எதிர்பாராத உத்தரவொன்றைத் தாமே கட்டுப்பாட்டு அதிகாரியாகப் பாவித்துச் சொல்லி, மாணாக்கன் முதலில் யந்திரத்துக்குச் சக்தி கொடுக்கிறானா, அல்லது பதில் சொல்ல ரேடியோப் பொத்தானை அழுத்துகிறானா என்று அவர் கவனிக்கவேண்டும். பொத்தானை அழுத்தினால் அன்றைக்குத் தனியே அனுப்பக்கூடாது. சில மணி நேரச் செலவு கூடும். பயிற்சிப் பள்ளிகள் முணுமுணுக்கும். மணிக்கணக்கில் பணம் கட்டும் பெற்றோர்களும் முணுமுணுக்கக்கூடும்.